இருபத்தைந்து பங்குக்காரி

லேப் அக்காவுக்குப் பங்குச்சந்தை மேல் ஆசை இருந்ததே இல்லை. ஆசை முழுக்க அவள் வீட்டுக்காரருக்குத்தான். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒற்றை ஷட்டர் வைத்த ஜெராக்ஸ் கடை அவருடையது. இரண்டு மெஷின், ஒரு லேமினேஷன் பெட்டி, சுவரோரம் காகிதக் கட்டுகள். கல்லாவுக்கு மேலே ஒரு சின்ன டி.வி. அதில் நாள் முழுக்கப் பங்கு விலைகள் பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருக்கும். யாராவது வந்து "ரெண்டு காப்பி, முன்னும் பின்னும்" என்று நீட்டினால் அவர் கை மெஷினில் இருக்கும், கண் டி.வி.யில் இருக்கும். எப்போதாவது இரண்டு பக்கமும் முன்பக்கமாகவே வந்துவிடும். வாடிக்கையாளர்கள் பழகிப்போனவர்கள், திட்டிவிட்டு நின்று வாங்கிப் போவார்கள்.

அக்காவுக்குக் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. இருபத்தாறு வருடமாகத் தண்ணீரைச் சோதிப்பதுதான் தொழில். நீர்த்தேக்கத்திலிருந்தும் தெருக்குழாய்களிலிருந்தும் காலையில் பாட்டில்கள் வரும். ஒவ்வொன்றிலும் எங்கே எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது, யார் எடுத்தது என்று சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டில் ஒன்று குறைந்தால் பாட்டிலைத் திருப்பி அனுப்பிவிடுவாள். மேலதிகாரியே கொண்டுவந்து வைத்தாலும் அதே கதைதான். தெருவில் எல்லோரும் அவளை லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான்.

எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லத் தெரியாதவள். "அடுத்த பஸ் வர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று நிறுத்தத்தில் யாராவது கேட்டால், "தெரியலைங்க. நேத்து பதினோரு நிமிஷம் ஆச்சு" என்பாள். சமையலறையில் எந்த டப்பாவைத் திறந்தாலும் மூடியில் திறந்த தேதி எழுதியிருக்கும். "உங்க அம்மா என் நெத்தியில மட்டும்தான் இன்னும் தேதி எழுதலை" என்று ஜெராக்ஸ்காரர் மகளிடம் அலுத்துக்கொள்வார்.

அவர்கள் இருவரும் அறிமுகமானதே ஒரு சண்டையில்தான். அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. பரிசோதனைக்கூடத்துப் பதிவேட்டை நகலெடுக்க இந்தக் கடைக்கு வந்தாள். நாற்பது பக்கம். எடுத்துக்கொண்டு போனவள் அரைமணியில் திரும்பி வந்தாள். வலது ஓரத்தில் கடைசி எண் ஒவ்வொரு பக்கத்திலும் பாதி வெட்டுப்பட்டிருந்தது.

"பாதி எண்தானேங்க? பாத்தா புரியாதா?" என்றார் அவர்.

"இது மூணா எட்டா, நீங்களே சொல்லுங்க."

பார்த்தார். மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். மறுபேச்சுப் பேசாமல் நாற்பது பக்கத்தையும் திரும்ப எடுத்துக்கொடுத்தார். அவள் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாற்பதாவது பக்கம் வெளியே வருவதற்குள் ஜெராக்ஸ்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அந்த முடிவை அவளிடம் சொல்ல அவருக்கு எட்டு மாதம் ஆனது என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவள் பங்குதாரர் ஆனது அவள் தம்பியால். அவன் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்த மாதமே பத்துப் புதுக் கணக்குகள் பிடித்துத் தர வேண்டும் என்று அவன் தலையில் கட்டிவிட்டார்கள். ஒன்பது பிடித்துவிட்டான். பத்தாவதுக்கு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினான்.

"ஒரு கையெழுத்து போடுக்கா, போதும். மீதியை நான் பாத்துக்கறேன்."

"எதுக்குப் போடறோம்னு படிச்சுட்டுப் போடறேன்."

விண்ணப்பம் முப்பத்திரண்டு பக்கம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் படித்தாள். தம்பி மூன்று தடவை டீ குடித்தான், ஒரு தடவை சோபாவிலேயே தூங்கி எழுந்தான். கணக்கைச் சும்மா விட்டால் மூடிவிடுவார்கள் என்பதால் ஏதாவது ஒரு பங்கு வாங்கிப் போட வேண்டியிருந்தது. ஒரு பேட்டரி கம்பெனியில் இருபத்தைந்து பங்கு வாங்கச் சொன்னான் தம்பி. ஏன் அதுவே என்று கேட்டதற்கு, அக்காவை விட்டுவிட்டு அத்தான் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். அங்கேதான் கேட்கிற காது இருந்தது.

"பாருங்க அத்தான். பெட்ரோல் விலை ஏறிட்டே போகுது. வண்டியெல்லாம் கரண்டுக்கு மாறுது. மொட்டை மாடியில சோலார் போடறவங்க எல்லாம் பேட்டரி கேக்கறாங்க. பேங்க்ல வட்டி தரைமட்டத்துக்கு வந்துருச்சு, அதனால ஜனங்க பணம் எல்லாம் சந்தைக்குத்தான் வருது. அதுலயும் இப்ப பசுமை நிதின்னு ஒண்ணு வந்திருக்கு. காத்து, தண்ணியைக் கெடுக்காத கம்பெனியா பாத்துப் பாத்துப் பணம் போடுவாங்க. நம்ம பேட்டரி கம்பெனி அந்த மாதிரி அஞ்சு நிதியில இருக்கு. லாபமும் வரும், புண்ணியமும் வரும்."

"புண்ணியத்துக்குத் தனியா கமிஷன் உண்டா மாப்ள?" என்றார் ஜெராக்ஸ்காரர். ஆனால் கம்பெனியின் பெயரை ஒரு வீணான தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டார்.

வருடக் கடைசியில் கம்பெனியின் ஆண்டறிக்கை தபாலில் வந்தது. பளபளவென்று தடித்த புத்தகம். அட்டையில் பச்சை வயலும் நீல வானமும். சாதாரணமாக அதை யாரும் பிரிக்கக்கூட மாட்டார்கள். கடையிலேயே அப்படிப் பிரிக்காத புத்தகங்கள் ஏழெட்டு, மெஷின் ஆடாமல் இருக்கக் காலுக்கு அடியில் கிடந்தன. அக்கா பிரித்தாள். அட்டையிலிருந்து ஆரம்பித்து, தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பக்கம் என்று படித்தாள். ஏழாவது நாள் அறுபத்துமூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"என்னங்க, இங்க கொஞ்சம் வந்து பாருங்க."

கழிவுநீர்ச் சோதனை என்று ஒரு அட்டவணை. தொழிற்சாலையிலிருந்து வெளியே போகிற தண்ணீரில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று மாதவாரியாகப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே எண். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு.

"நல்லாத்தானே இருக்கு? அளவுக்குள்ளதானே?" என்றார் அவர்.

"அளவுக்குள்ளதான் இருக்கு."

"பின்ன என்ன?"

"தண்ணி இப்படிப் பேசாதுங்க. ஒரே குழாயில, ஒரே நாள்ல ரெண்டு பாட்டில் பிடிச்சாலே கடைசி எண் மாறும். மழை பெஞ்சா மாறும், வெயில் அடிச்சா மாறும். பன்னெண்டு மாசம் அப்படியே நிக்குதுன்னா அங்க யாரும் தண்ணியே எடுக்கலைன்னு அர்த்தம்."

"அச்சடிச்சவன் தப்பா போட்டிருப்பான்."

"இருக்கலாம். கேட்டுடலாமே."

அவர் சிரித்தார். இருபத்தைந்து பங்கு வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய கம்பெனியைக் கேள்வி கேட்பதாவது என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு ஒரு கடிதம் டைப் செய்யச் சொன்னாள். "பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று மகள் ஆரம்பித்ததை அடித்துவிட்டு, "கேட்கிறேன் போதும். நான் அங்கே பங்குதாரர்" என்றாள். வாரியத்தின் காகிதத்தைத் தொடவில்லை. தன் வேலையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. வீட்டு முகவரி, பங்குக் கணக்கு எண், அறுபத்துமூன்றாம் பக்கம், நான்கு கேள்வி. மாதிரி எடுப்பது யார்? எத்தனை மணிக்கு? கழிவுநீர் வெளியேறும் எந்த வாயிலில்? சோதிப்பது எந்தக் கூடம்? கடிதத்துக்கு நகல் எடுத்துத் தந்தது ஜெராக்ஸ்காரர்தான். ஓரம் வெட்டுப்படாமல் எடுத்தார்.

பதில் வரவில்லை. வருடாந்தரக் கூட்டத்துக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளே போனாள். ஒரு பெரிய ஹோட்டலின் அரங்கம். மேடையில் ஒன்பது பேர் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேசியவர்கள் எல்லாம் டிவிடெண்டைக் கூட்டித் தரச் சொன்னார்கள், பிஸ்கட்டின் தரம் போன வருடத்தைவிடக் குறைந்துவிட்டது என்று குறைப்பட்டார்கள். இவள் எழுந்து அறுபத்துமூன்றாம் பக்கம் என்றதும் அரங்கம் முழுக்கத் தாள் புரளுகிற சத்தம் கேட்டது. கேள்வியை முடித்தாள். தலைவர் நல்ல மனிதரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, "உங்க அக்கறைக்கு நன்றி அம்மா. எங்க ஆட்கள் உங்களைத் தொடர்புகொள்வாங்க" என்றார். யாரும் தொடர்புகொள்ளவில்லை.

அடுத்த வருட அறிக்கையில் அட்டவணை அறுபத்தெட்டாம் பக்கத்துக்குப் போயிருந்தது. பன்னிரண்டு மாதமும் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு. மறுபடி கடிதம், மறுபடி கூட்டம், மறுபடி நன்றி. இந்தத் தடவை சிலர் வெளிப்படையாகவே சிரித்தார்கள். கதவருகே நின்ற ஊழியர் ஒருவர் இன்னொருவரிடம், "இருபத்தஞ்சு பங்குக்காரி வந்துட்டாங்க" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து அதைச் சாதாரணமாகச் சொன்னாள். "கணக்கு சரிதானே, இருபத்தஞ்சுதானே வெச்சிருக்கேன்" என்றாள். ஜெராக்ஸ்காரருக்குத்தான் சுருக்கென்றது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாத நிலைமையில் அவர் இருந்தார்.

ஏனென்றால் அந்த ஒரு வருடத்தில் பேட்டரி கம்பெனியின் பங்கு இரண்டு மடங்காகியிருந்தது. தம்பி சொன்னதெல்லாம் நடந்தது. மின்சார வண்டி வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் மானியம் அறிவித்தது. பசுமை நிதிகளில் பணம் வெள்ளமாக வந்து விழுந்தது. பச்சை என்று பெயர் ஒட்டியிருந்தால் போதும், என்ன ஏது என்று பார்க்காமல் வாங்கினார்கள். கடை டி.வி.யில் தினமும் அந்தப் பெயர் பச்சையாக ஓடியது. கலர் மெஷின் வாங்கச் சேர்த்துவைத்திருந்த பணத்தை எடுத்து ஜெராக்ஸ்காரர் நானூறு பங்கு வாங்கிவிட்டார். வாங்கி மூன்று நாள் கழித்து, சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அறுபத்தெட்டாம் பக்கம் பாத்தீங்களா?"

"பாத்தேன்மா. நகல் எடுத்ததே நான்தானே."

"பாத்துட்டும் வாங்கினீங்க."

"ஊரே வாங்குது."

அவள் அதற்கு மேல் பேசவில்லை. அவளிடம் அதுதான் கஷ்டம். சண்டை போட்டாலாவது பதிலுக்குக் குரலை உயர்த்தலாம். அவள் எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள். அவர் வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மூன்றாவது வருடம் காற்று திரும்ப ஆரம்பித்தது. விலைவாசி ஏறியதால் வங்கி வட்டி மேலே போனது. சும்மா டெபாசிட் போட்டாலே நல்ல வட்டி வரும்போது எதற்கு வம்பு என்று பலர் சந்தையிலிருந்து பணத்தை எடுத்தார்கள். மானியம் பாதியாகக் குறைந்தது. தம்பியின் பேச்சிலும் சுருதி மாறியது.

"இப்ப பெரிய நிதிக்காரங்க எல்லாம் உஷாராயிட்டாங்க அத்தான். பச்சைன்னு சொன்னா போதாதாம், ஆதாரம் காட்டணுமாம். பேட்டரி வாங்கற வெளிநாட்டுக் கம்பெனிகளும் அதையே கேக்குது. இந்த நேரத்துல அக்கா வேற போய்க் கிண்டினா எங்க போய் முடியுமோ. இந்த ஒரு வருஷம் மட்டும் அவங்களைச் சும்மா இருக்கச் சொல்லுங்க."

"நீயே சொல்லேன்."

"எனக்கென்ன பைத்தியமா?"

கூட்டத்துக்கு முந்தின நாள் ஜெராக்ஸ்காரரே மெல்ல ஆரம்பித்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷமும் கேக்கணுமா?"

"அட்டவணை இந்த வருஷமும் அப்படியேதான் இருக்கு."

"நம்ம நானூறும் அதுல இருக்கும்மா."

"தெரியும்." ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "அந்தத் தொழிற்சாலைக்குப் பின்னாடி மூணு தெரு இருக்கு. போன மாசம் பஸ்ல போய்ப் பாத்துட்டு வந்தேன். அங்க எல்லா வீட்டுலயும் கைப்பம்புதான். வாரியத்துக் குழாய் அந்தப் பக்கம் போகலை. நான் கேக்காம இருந்தா நானூறு பங்கு பத்திரமா இருக்கும்னு எனக்கும் தெரியுது."

 மறுநாள் காலை ஜெராக்ஸ்காரர் கடையைத் திறக்காமல், "நானும் வர்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவளைத் தடுக்கப் போகிறாரா, துணைக்குப் போகிறாரா என்று அவருக்கே தெளிவில்லை. எப்படியும் அவரும் பங்குதாரர்தான், அழைப்பிதழ் அவர் பெயருக்கும் வந்திருந்தது.

அரங்க வாசலில் ஒரு மேசை. பேச விரும்புகிறவர்களுக்கு அங்கே எண் போட்ட டோக்கன் தருவார்கள் என்பது அக்காவுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மேசையில் இருந்த பெண் அவர் பெயரை எழுதிக்கொண்டு, சிரித்தபடியே ஒரு அட்டையை நீட்டினாள். சாப்பாட்டு டோக்கன் என்று நினைத்து ஜெராக்ஸ்காரர் மகிழ்ச்சியாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஆறாம் எண். பின்னால் நின்ற அக்காவின் பெயரைப் பதிவேட்டில் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள்.

"மன்னிச்சுக்கங்க மேடம். பேசறவங்க பட்டியல் முடிஞ்சுபோச்சு."

"இவருக்கு இப்பத்தானே கொடுத்தீங்க?"

"அதான் கடைசி மேடம்."

அக்கா உள்ளே போய் உட்கார்ந்தாள். அவருக்கு அப்போதுதான் பையில் இருப்பது என்ன என்று புரிந்தது. 

"இந்தா, நீ வெச்சுக்கோ. நீ பேசு."

"பேர் பதிஞ்சிருக்குங்க. உங்க பேர்ல நான் பேச முடியாது." அவர் முகத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விடுங்க. நீங்க கேக்க வேணாம். கூப்பிட்டா எழுந்து ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டு உக்காந்துடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றாள்.

உண்மையில் அவர் அப்படிச் செய்வதாகத்தான் இருந்தார். ஐந்தாம் எண்காரர் பிஸ்கட் பற்றிப் பேசி முடித்தார். மைக் வருவதற்குள் மேடையிலிருந்து தலைவர் சிரித்தபடி சொன்னார்: "வருஷா வருஷம் நமக்குக் கெமிஸ்ட்ரி பாடம் நடக்கும். இந்த வருஷம் எல்லாருக்கும் லீவு." அரங்கம் கொல்லென்று சிரித்தது. பல தலைகள் அவள் பக்கம் திரும்பின. கேள்விகளை எழுதி மடியில் வைத்திருந்த தாளை அவள் நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்து மூடினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவர் அவர். பையின் ஜிப்பை இழுக்கும்போது அந்த விரல்கள் இரண்டு தடவை தவறியதை அவர் பார்த்தார்.

"ஆறாம் எண்."

எழுந்தார்.  மைக்கை வாய்க்கு மிக அருகில் வைத்துக்கொண்டதால் முதல் வார்த்தை இடி மாதிரி விழுந்தது.

"வணக்கம். எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது. பத்தாவதுல ரெண்டு தடவை ஃபெயில்." சிரிப்பு. அவரும் கொஞ்சம் சிரித்தார். "எனக்கு நானூறு பங்கு இருக்கு. அது எனக்குப் பெரிய பணம். நான் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். முப்பது வருஷமா ஒரே தொழில். அசல் எது, நகல் எதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். இந்தப் புத்தகத்துல எழுபத்தோராம் பக்கம் பாருங்க. ஜனவரி ஒண்ணுதான் அசல். அதுவும் எனக்குச் சந்தேகம்தான். மீதி பதினோரு மாசமும் நகல். போன வருஷமும் இதோட நகல். அதுக்கு முந்தின வருஷமும். மூணு வருஷமா நீங்க நகலைக் காட்டிக் காசு வாங்கறீங்க. என்கிட்ட வாங்கினா ஒரு பக்கத்துக்கு எவ்வளவுன்னு வெளியே போர்டுல எழுதியிருக்கும். உங்ககிட்ட அசல் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. என் வீட்டுக்காரம்மா மூணு வருஷமா அதைத்தான் கேட்டாங்க. நீங்க பதில் சொல்லாம சிரிச்சீங்க."

 மைக்கை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.  தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்தார், அவர் அடுத்தவரிடம் குனிந்தார். பதில் சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை என்பது கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது.

அக்கா அவர் கையிலிருந்து மைக்கை மெல்ல வாங்கி ஊழியரிடம் கொடுத்தாள். பிறகு அந்தக் கையை விடவே இல்லை, கூட்டம் முடிகிற வரைக்கும்.

வெளியே வரும்போது ஒரு பெண் லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். பெரிய ஓய்வூதிய நிதி ஒன்றின் சார்பில் வந்திருந்தவள். லட்சக்கணக்கான தொழிலாளர்களின் ஓய்வூதியப் பணம் அந்த நிதியில் இருந்தது. அதில் ஒரு பகுதியை இந்தக் கம்பெனியில் போட்டிருந்தார்கள். "நீங்க மடிச்சு உள்ள வெச்ச அந்தத் தாளை எனக்குத் தர முடியுமா?" என்று அக்காவிடம் கேட்டாள். அக்கா கைப்பையைத் திறந்து கொடுத்தாள். கொடுப்பதற்கு முன்னால், "ஒரு நகல் எடுத்துக்கிட்டுத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்றாள்.

மூன்று வாரத்தில் அந்த நிதி கம்பெனிக்கு எழுதியது. வெளியார் வந்து சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் பணத்தை எடுத்துக்கொள்கிறோம் என்று. ஒருவர் எழுதியதும் வெளிநாட்டில் பேட்டரி வாங்குகிறவர்களும் அதையே கேட்டார்கள். சோதனை நடந்தது. மாதிரி எடுக்க ஒப்பந்தம் எடுத்திருந்தவர் வருடத்துக்கு ஒரு தடவைதான் வந்திருக்கிறார், மற்ற மாதங்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே எழுதியிருக்கிறார் என்று வெளிவந்தது. மழைக்காலத்தில் ஈயம் அளவைத் தாண்டிப் போயிருந்தது. பின்னால் இருந்த மூன்று தெருக் குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் இல்லை. பதினோரு குழந்தைகளுக்கு மட்டும் சிகிச்சை தேவைப்பட்டது.

அந்தச் செய்தியைப் படித்த அன்று அக்கா சமைக்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். "மொத வருஷமே நான் இன்னும் சத்தமா கேட்டிருக்கணும்" என்றாள். அவர் தனக்குத் தெரிந்த ஒரே சமையலான முட்டை ஆம்லெட்டைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். உப்பு இரண்டு தடவை போட்டிருந்தார். அவள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

பங்கு சரிந்தது. வட்டி உயர்வில் சந்தையே தள்ளாடிக்கொண்டிருந்த நேரம், இதுவும் சேர்ந்துகொண்டதால் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு கடைக்கு வந்தான்.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டீங்களே அத்தான்!"

"ஆமா மாப்ள. நல்லாத்தான் வெச்சேன்" என்றார் இவர். சொல்லிவிட்டு டி.வி.யைப் பார்த்தார்.  தம்பி இரண்டு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை.

"வித்துடணும்னா வித்துடுங்க" என்றாள் அக்கா ஒருநாள்.

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாதப்ப தைரியமா வெச்சிருந்தேன். இப்ப தெரிஞ்சுபோச்சு, சரிபண்றதுக்குச் செலவும் பண்றாங்க. இப்ப போய் எதுக்கு விக்கணும்?"

 "மூணு வருஷத்துல நீங்க சொன்ன மொத உருப்படியான பேச்சு இது" என்று சிரித்துவிட்டாள்.

கம்பெனி புதுச் சுத்திகரிப்பு ஆலை கட்டியது, மூன்று தெருக்களுக்கும் குடிநீர்க் குழாய் போடப் பணம் கொடுத்தது. தலைவர் மாறினார். இரண்டு வருடம் டிவிடெண்ட் கிடையாது. கலர் மெஷின் வாங்கும் யோசனை அதோடு தள்ளிப்போனது. அதற்குப் பிறகுதான், ஆதாரம் கேட்கிற வெளிநாட்டுக்காரர்களின் ஆர்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆதாரம் கையில் வைத்திருந்த பேட்டரி கம்பெனிகள் அப்போது சொற்பம். பங்கும் ஊர்ந்து ஊர்ந்து மேலே வந்தது. பழைய உச்சத்துக்கு இன்னும் வரவில்லை. ஜெராக்ஸ்காரர் போட்ட பணம் திரும்பியது, அதற்கு மேல் கொஞ்சம் கிடைத்தது. டெபாசிட்டில் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு வந்திருக்கும் என்று அக்கா கணக்குப் போட்டுச் சொன்னாள். அவர் கேட்காமலேயே சொன்னாள்.

தம்பி மட்டும் சும்மா இருப்பானா? இப்போது அவன் தன் வாடிக்கையாளர்களுக்கு ஏதாவது பசுமைக் கம்பெனியைச் சிபாரிசு செய்யும்போது, "எதுக்கும் எங்க அக்காகிட்ட ஒரு தடவை காட்டிடுங்க" என்று சேர்த்துக்கொள்கிறான். சனிக்கிழமை சாயங்காலங்களில் நான்கைந்து பேர் தடித்த புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்கு வருவார்கள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டுவாள். வாங்கலாமா என்று கேட்டால், "அது எனக்குத் தெரியாது. இதுல எதை அளந்து எழுதியிருக்காங்க, எதை அளக்காம எழுதியிருக்காங்கன்னு மட்டும்தான் சொல்லுவேன்" என்பாள். அவர்களுக்கு டீ வாங்கித் தருவது ஜெராக்ஸ்காரரின் பொறுப்பு.

வாரியத்திலிருந்து அவள் ஓய்வு பெற்ற வருடம், அந்த ஓய்வூதிய நிதிக்காரர்கள் ஒரு ஆலோசனைக் குழு அமைத்தார்கள். அதில் சாதாரணப் பங்குதாரர் ஒருவர் வேண்டும் என்று அவளைக் கேட்டார்கள். எனக்கு நிதி தெரியாது என்று மறுத்துப் பார்த்தாள். தண்ணீர் தெரியும் இல்லையா என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் இரண்டு மணிநேரம் போய் வர வேண்டும். தனியாகவே போவேன் என்றாள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஜெராக்ஸ்காரருக்கு அந்த ஊரில் அன்றைக்கென்று மெஷினுக்கு டோனர் மை வாங்க வேண்டியிருக்கும்.

முதல் தடவை போனபோது அவள் உள்ளே போய்விட்டாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வழவழப்பான தரையும் பெரிய சோபாவும் இருந்த வரவேற்பறையில் அவர் செருப்பை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். வரவேற்பில் இருந்த பெண் எழுந்து வந்தாள்.

"சார், நீங்க யாரைப் பாக்கணும்?"

"யாரையும் பாக்கணும்னு இல்லம்மா." கண்ணாடி வழியாக உள்ளே கையைக் காட்டினார். நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். "அதோ பேசறாங்க பாருங்க, அவங்க வீட்டுக்காரர் நான்."

"ஓ, அவங்களா!" என்றாள் அந்தப் பெண். "உள்ள போனதும் மொதல்ல தண்ணி ஜாடி எப்ப நிரப்பினதுன்னு கேட்டாங்க சார்."

"கேப்பாங்க" என்றார் ஜெராக்ஸ்காரர். சோபாவில் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.